அடுப்படிச் சுவருக்கு என்ன கலர்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. சங்கக் கூட்டத்துல கணக்கு வாசிச்சிருக்கேனே தவிர, மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை. "வீடும் சுகாதாரமும்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் அடுப்படிச் சுவருக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்னு பேசறேன்னு சொன்னதும் எங்க சங்கத்துலயே ரெண்டு பேர் சிரிச்சுட்டாங்க. "ஏண்டி, பேசறதுக்கு உனக்கு வேற விஷயமே கிடைக்கலையா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க.

அக்கா, கிடைச்ச விஷயத்துலயே இதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. கொஞ்சம் கேளுங்க.

காலையில அஞ்சு மணிக்கு அடுப்படிக்குள்ள போறோம். டீ, டிபன், பிள்ளைகளுக்குச் சோறு கட்டறது, மதியச் சமையல், சாயங்காலம் மறுபடி டீ, ராத்திரிச் சமையல், பாத்திரம் கழுவறது. கூட்டிப் பார்த்தா ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டில் வேறு எந்த அறையிலும் நாம் இத்தனை நேரம் முழிச்சுக்கிட்டு நிற்பதில்லை. ஆனால் பெயிண்ட் அடிக்கும்போது என்ன நடக்குது? ஹாலுக்கு எல்லாரும் உட்கார்ந்து கலர் பார்க்கறாங்க. வாசல் பக்கம் ஊர் பார்க்கற மாதிரி இருக்கணும்னு அதுக்கு ஒரு கலர். சாமி ரூமுக்கு ஒரு கலர். கடைசியில பெயிண்டர் வந்து, "அடுப்படிக்கு என்னண்ணே?"ன்னு கேட்டா, "மிச்சம் இருக்கறதை அடிச்சு விடுப்பா"ன்னு பதில் வருது. இல்லேன்னா, "அழுக்கு தெரியாத கலரா பார்த்து அடி"ன்னு சொல்றாங்க.

இந்த ரெண்டு வார்த்தையைத்தான் இன்னைக்கு நான் மாத்தணும்னு கேட்கறேன். ஒண்ணு "மிச்சம்". இன்னொண்ணு "அழுக்கு தெரியாத கலர்".

நம்ம அம்மா காலத்துல இப்படி இல்லை. மண் சுவரா இருந்தாலும் பொங்கலுக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிக்காத வீடு கிடையாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீத்து, கொஞ்சம் நீலம் கலந்து, தென்னை மட்டையை நசுக்கி மட்டையாலேயே அடிப்பாங்க. கீழே ஒரு சாண் அளவுக்குக் காவிப் பட்டை. வருஷம் முழுக்கப் புகை பிடிச்ச அடுப்படி அன்னைக்கு வெள்ளையா ஆகும். சுண்ணாம்புல காரம் இருக்கறதால பூஞ்சை, பூச்சி அண்டாது. அந்த வேலையை முக்காவாசி செஞ்சது பொம்பளைங்கதான். அதனால அது அவங்க முடிவா இருந்துச்சு. பெயிண்ட் டப்பாவும் பெயிண்டரும் வந்த பிறகு முடிவு நம்ம கையை விட்டுப் போயிடுச்சு.

இப்போ "அழுக்கு தெரியாத கலர்" விஷயத்துக்கு வர்றேன். கரும்பச்சை, காப்பிக்கொட்டை கலர், கருநீலம் இதெல்லாம் அடிச்சா கரி தெரியாது, எண்ணெய்ப் பிசுக்கு தெரியாதுன்னு சொல்றாங்க. தெரியாதுதான். ஆனா அது அங்கேயேதானே இருக்கு? தாளிக்கும்போது எழும்புற எண்ணெய்ப் புகை சுவத்துல படியுது. அதுல தூசி ஒட்டுது. அதைத் தேடி கரப்பான் வருது, எறும்பு வருது. கலர் அடர்த்தியா இருந்தா கரப்பான் ஓடறதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. நம்மில் பல பேர் கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் சோத்துக்கும் விறகடுப்பு வெச்சிருக்கோம். சிலிண்டர் விலைக்குக் கட்டுப்படி ஆகலை. விறகுப் புகை சுவத்துல எவ்வளவு படியுதோ, அதே புகையைத்தான் நாமளும் மூச்சுல இழுக்கறோம். சுவர் வெளிறிய கலரா இருந்தா, "இந்த மூலை கறுத்துப் போச்சே, புகை வெளியே போக வழி இல்லையே"ன்னு தெரியும். ஒரு புகைபோக்கியோ, மேலே ஒரு ஜன்னலோ வைக்கணும்னு தோணும். கரும்பச்சைச் சுவர் அதைச் சொல்லாது.

இன்னொரு விஷயம். சமையல் பாதி கண்ணாலதான் நடக்குது. வெங்காயம் பொன்னிறமா வதங்குதா, கருகுதா? கடுகு வெடிச்சுதா? அரிசியில கல் இருக்கா, பருப்புல வண்டு இருக்கா, கீரையில புழு இருக்கா? இத்தனைக்கும் வெளிச்சம் வேணும். வெள்ளைச் சுவர் தன் மேலே விழுற வெளிச்சத்துல பத்துல எட்டு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். அடர்த்தியான கலர் முக்காவாசியை அதுவே விழுங்கிடும். ஒரே பல்பு, ஒரே ஜன்னல்தான். சுவர் கலரை மாத்தினாலே வெளிச்சம் கூடும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுகிற வீடு மொத்தமே 360 சதுர அடி. பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் சமையல் இடத்தையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர். அதில் அடுப்படிக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? அந்தச் சின்ன இடத்துக்கு அடர்த்தியான கலர் அடிச்சா, பட்டப்பகல்ல லைட் போட்டுத்தான் சமைக்கணும்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். எங்க வீடு 2011-ல கட்டினது. நான் கல்யாணம் ஆகி வர்றதுக்கு முன்னாடியே கதவு ஜன்னலுக்கு வாங்கின பச்சை எனாமல் பெயிண்ட் மிச்சம் இருக்குன்னு மேஸ்திரி அதை அடுப்படிச் சுவத்துல அடிச்சு விட்டுட்டார். கீழே மேடை கறுப்புக் கடப்பாக்கல். மேலே கரும்பச்சைச் சுவர். எங்க அத்தைக்கு, அதாவது எங்க மாமியாருக்கு, அறுபத்தஞ்சு வயசுக்கு மேல கண்ணுல புரை விழ ஆரம்பிச்சுது. அப்பவும் அவங்க சமையலை விடலை. அவங்க கைப்பக்குவம் எங்க தெருவுக்கே தெரியும். ஒரு நாள் அடுப்புல இருந்து இறக்கி வெச்ச இரும்பு வாணலி அவங்களுக்குத் தெரியலை. கறுப்பு மேடை மேல கறுப்பு வாணலி, பின்னாடி கரும்பச்சைச் சுவர். எப்படித் தெரியும்? உப்பு டப்பாவை எடுக்கக் கை நீட்டினவங்க முழங்கைக்குக் கீழே பட்டுச்சு. நல்லா கொப்பளிச்சுப் போச்சு.

புண் பத்து நாள்ல ஆறிடுச்சு. ஆனா அத்தை அடுப்படிக்குள்ள வர்றதை நிறுத்திட்டாங்க. "இனிமே எனக்கு ஆகாதும்மா, நீயே பார்த்துக்கோ"ன்னுட்டு திண்ணையில போய் உட்கார்ந்தாங்க. நாப்பது வருஷமா சமைச்ச கை. காய் நறுக்கித் தர்றேன்னுகூடக் கேட்க மாட்டேங்கறாங்க. பார்க்கறவங்க எல்லாம், "நல்லதுதானே, வயசான காலத்துல உட்காரட்டும்"னு சொன்னாங்க. எனக்கு அது நல்லதாத் தெரியலை. அவங்க சாப்பாடும் குறைஞ்சுது, பேச்சும் குறைஞ்சுது.

கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சேன். சங்கத்துல உள்கடன் எட்டாயிரம் கேட்டேன். "எதுக்கு?"ன்னு கேட்டாங்க. "அடுப்படிக்குப் பெயிண்ட் அடிக்க"ன்னேன். தீர்மானத்துல எழுதும்போது "வீடு பராமரிப்பு"ன்னு எழுதினோம். எங்க வீட்டுக்காரர், "ஹால் இப்படி இருக்கும்போது அடுப்படிக்கு என்ன அவசரம்?"னு கேட்டார். நான் அவரைக் கூட்டிட்டுப் போய் லைட்டை அணைச்சுட்டு, மேடை மேல வாணலியை வெச்சு, வாசப்படியில நின்னு பாருங்கன்னேன். பார்த்தார். அப்புறம் ஒண்ணும் சொல்லலை. அடுத்த ஞாயித்துக்கிழமை அவரே போய் பெயிண்டர் அண்ணனைக் கூட்டிட்டு வந்தார்.

சுவருக்கு வெளிறிய சந்தன கலர். கூரைக்கு வெள்ளை. அலமாரித் தட்டோட விளிம்புக்கும், மேடை ஓரத்துக்கும், வாசப்படிக்கும் ரெண்டு விரல் அகலத்துக்கு அடர்ந்த காப்பிப்பொடி கலர். அந்தக் கோடு எதுக்குன்னா, கண் மங்கினவங்களுக்கு ஒரு பொருள் எங்கே முடியுதுன்னு தெரியணும். வெளிறின சுவருக்கு முன்னாடி கறுப்பு வாணலி பளிச்சுன்னு தெரியும். அதோட உப்பு டப்பாவுக்கு நீல மூடி, சர்க்கரைக்குச் சிவப்பு மூடி மாத்தினேன். நாலாவது நாள் அத்தை தானா உள்ளே வந்தாங்க. சுத்திப் பார்த்துட்டு, "புளி எங்கேம்மா வெச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு ரசம் அவங்க கையால. அதுக்கு அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஆபரேஷன் ஆச்சு.

இனிமே கலர் எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ஜன்னல் எந்தப் பக்கம்னு பாருங்க. வடக்குப் பக்கம் ஜன்னல் இருந்தாலோ, பக்கத்து வீட்டுச் சுவர் மறைச்சாலோ, கிரீம், சந்தனம், இளமஞ்சள் மாதிரி கலர் நல்லா இருக்கும். மேற்குப் பக்கம் ஜன்னல் இருந்து சாயங்கால வெயில் உள்ளே அடிக்குதுன்னா, வெளிறிய பிஸ்தா பச்சை, வெளிறிய நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். எதுவா இருந்தாலும் வெளிறிய வகையா இருக்கட்டும். வாஸ்து பார்க்கறவங்களும் அடுப்படிக்குக் கறுப்பு, கருநீலம் வேண்டாம்னுதான் சொல்றாங்க. அதனால வீட்டுப் பெரியவங்களோட இதுல சண்டை வர வழியில்லை.

ரெண்டாவது, கலர் கார்டுல பார்க்கற சின்னக் கட்டத்தை நம்பாதீங்க. நாலு சுவத்துலயும் அடிக்கும்போது ஒரு சுவர் இன்னொரு சுவத்துல பட்டு, கலர் கார்டுல பார்த்ததைவிட அடர்த்தியாத் தெரியும். மனசுக்குப் பிடிச்ச கலருக்கு ஒரு படி குறைவா எடுங்க. கடையில இருக்கறதுலயே சின்ன டப்பா வாங்கி, ஒரு பெரிய அட்டையில ரெண்டு தடவை அடிச்சு, நல்லா காய விட்டு, அதை அடுப்பு பக்கம் ஒரு நாள், எதிர்ச் சுவத்துல ஒரு நாள் சாய்ச்சு வெச்சுப் பாருங்க. காலையில பாருங்க, மத்தியானம் பாருங்க, ராத்திரி லைட் போட்டுப் பாருங்க. எல்இடி பல்பு டப்பாவுல 6500கே-ன்னு போட்டிருந்தா அது வெள்ளை வெளிச்சம். 2700கே-ன்னு போட்டிருந்தா மஞ்சள் வெளிச்சம். ஒரே சந்தன கலர் இந்த ரெண்டுலயும் வேற வேற மாதிரி தெரியும்.

மூணாவது, அளந்துட்டுக் கடைக்குப் போங்க. பத்தடிக்கு எட்டடி அடுப்படி, பத்தடி உயரம்னு வெச்சுக்கோங்க. நாலு பக்கமும் கூட்டினா 36 அடி. அதை உயரத்தால பெருக்கினா 360 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு ஒரு 30 கழிங்க. மீதி 330. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும்னு டப்பாவிலேயே போட்டிருப்பாங்க. ரெண்டு கோட்டுக்குக் கணக்குப் போட்டு வாங்குங்க. சங்கத்துல லட்சக்கணக்குல கணக்கு எழுதற நமக்கு இது ஒரு பெரிய கணக்கே இல்லை.

நாலாவது, எந்த வகை பெயிண்ட். டிஸ்டெம்பர் விலை குறைவு. ஆனா ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைச்சா கையோட வந்துடும். அடுப்படிக்கு, கழுவித் துடைக்கக்கூடிய எமல்ஷன்தான் சரி. வெளிறிய கலர் அடிச்சா அடிக்கடி துடைக்கணும்னு பயப்படாதீங்க. வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால அடுப்புப் பக்கச் சுவரை மட்டும் துடைச்சா போதும். அடுப்புக்குப் பின்னாடி ரெண்டடி உயரத்துக்காவது டைல்ஸ் ஒட்ட முடிஞ்சா நல்லது. டைல்ஸ் இணைப்புக்கு வெள்ளை சிமென்ட் போட்டா மஞ்சள் பிடிச்சு அசிங்கமா ஆகும். அதுக்கு மட்டும் சாம்பல் கலர் கேளுங்க. புதுசா பூசின சுவர்னா ஒரு மாசமாவது காய விடுங்க. ஈரச் சுவத்துல அடிச்ச பெயிண்ட் எந்தக் கலரா இருந்தாலும் உப்பு பூத்து உரிஞ்சு விழும்.

அஞ்சாவது விஷயத்தைப் பிள்ளை வெச்சிருக்கறவங்களும், மாசமா இருக்கறவங்களும் கவனமா கேட்கணும். பளிச்சுன்னு இருக்கற மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு எனாமல் பெயிண்ட்ல அந்தக் காலத்துல ஈயம் நிறையக் கலந்தாங்க. ஈயம் பிள்ளைகளோட மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு பிள்ளைகளுக்கு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2016-ல மத்திய அரசு விதி போட்டு, 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்கு. அது டப்பாவுல அச்சடிச்சிருக்கணும். அச்சு இல்லாத டப்பா எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க.

அதே மாதிரி, பழைய எனாமல் சுவரைச் சுரண்டும்போது காய்ஞ்ச சுவத்துல உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீங்க. அந்தத் தூசிதான் ஆபத்து. எங்க வீட்டுல தண்ணி தெளிச்சு, ஈரமா வெச்சுத்தான் தேய்க்கச் சொன்னேன். பெயிண்டர் அண்ணன் முதல்ல, "நேரம் ஆகும்மா"ன்னார். "ஆகட்டும்ணே, நீங்களும்தானே இதை மூச்சுல இழுக்கறீங்க?"ன்னேன். சரின்னுட்டார். சின்னப் பிள்ளைகளை அந்த ரெண்டு நாளும் எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பி வெச்சோம். விழுந்த தூளை ஈரத்துணியால துடைச்சு அள்ளினோம், கூட்டலை. பாத்திரம், அரிசி, மளிகை எல்லாத்தையும் முன்னாடியே வெளியே எடுத்து மூடி வெச்சுட்டோம்.

கேஸ் விஷயமும் மறக்கக் கூடாது. எனாமல், தின்னர் எல்லாம் குப்புன்னு தீப்பிடிக்கும். பெயிண்ட் வேலை நடக்கும்போது ரெகுலேட்டரை மூடிக் கழட்டி, சிலிண்டரை வெளியே வெச்சுடுங்க. வாசனை முழுசாப் போற வரைக்கும் உள்ளே நெருப்புப் பத்த வைக்காதீங்க. ரெண்டு நாள் பின்வாசல்ல மூணு கல் கூட்டிப் பொங்கினா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

சொந்த வீடு இல்லாதவங்க, தகரக் கூரை போட்ட அடுப்படி வெச்சிருக்கறவங்க, "எங்களுக்கு இது எதுக்கு?"ன்னு நினைக்க வேண்டாம். கால் மூட்டை சுண்ணாம்பு வாங்கி உள்சுவத்துக்கு ரெண்டு கோட்டு அடிச்சாலே வெளிச்சம் கூடும். சுண்ணாம்பு நீத்தும்போது கண்ணுல தெறிக்காம பார்த்துக்கோங்க. தகரத்துக்கு வெளிப்பக்கம் வெள்ளை அடிச்சா வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழே நிக்கறவங்களுக்குக் கொஞ்சம் சூடு குறையும்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழு இன்னைக்குத் தமிழ்நாடு முழுக்க இருக்கு. பேங்குக்குப் போக, கையெழுத்துப் போட, அதிகாரி முன்னாடி பேச எல்லாம் குழு நமக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. வீட்டுக்குள்ள நாம நிக்கற இடத்தைப் பத்தியும் நாம வாய் திறந்து பேசணும். அதனால ஒவ்வொரு சங்கத்துலயும் ஒரு கலர் கார்டு வாங்கி வைக்கலாம்னு தீர்மானம் போடுங்க. வீடு கட்டற உறுப்பினருக்குக் கடன் கொடுக்கும்போது, "அடுப்படிக்கு என்ன கலர், யார் முடிவு பண்ணினது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஒரே சமயத்துல நாலஞ்சு பேர் பெயிண்ட் அடிக்கறதா இருந்தா, சேர்ந்து இருபது லிட்டர் வாளியா வாங்கிப் பங்கு போட்டுக்கலாம். சின்னச் சின்ன டப்பாவா வாங்கறதைவிட அதுல காசு மிச்சமாகும். பிறகு அவங்கவங்க பிடிச்ச கலரைக் கலந்துக்கலாம்.

எல்லாரும் சந்தன கலர்தான் அடிக்கணும்னு நான் சொல்லலை. உங்களுக்கு இளம்பச்சை பிடிச்சா இளம்பச்சை அடிங்க. வீட்டுல எல்லாரோடயும் கலந்து பேசுங்க, பெரியவங்க கண்ணுக்கு எது தெரியுதுன்னு அவங்ககிட்டயும் கேளுங்க. ஆனா பெயிண்டர், "அடுப்படிக்கு என்னம்மா?"ன்னு கேட்கும்போது, பதில் சொல்றது அங்கே நிக்கறவளா இருக்கட்டும்.

 கலர் கார்டு கையோட கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கறவங்க வந்து பாருங்க.